சவிரி அண்ணையின் எட்டாவது வெற்றி

அந்த ஞாயிறு காலை சவிரி அண்ணையின் மனைவி றெஜினா அக்கா தொலைபேசியில் இரண்டு விஷயங்கள் சொன்னார். "தம்பி, அவர் விடியப்புறம் போயிட்டார்" என்பது முதலாவது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவதும் வந்துவிட்டது: "இன்னொண்டு, முடிவு தெரிஞ்சால் ஒருதரும் சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் இன்னும் பாக்கேல்லை."

சவிரி அண்ணையை அறிந்த உங்களுக்கு அந்த இரண்டாவது விஷயம் விளங்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணை மன்னார்க்காரர். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு ஜப்பானியக் கடையில் நெடுங்காலம் மீன் பகுதியில் நின்றவர். அங்கே சாப்பாட்டு அறையில் ஓடிய தொலைக்காட்சியில் ஒருநாள் சூமோ மல்யுத்தத்தைப் பார்த்தார். அதோடு ஆள் கவிழ்ந்தார். சூமோப் பெரும்போட்டி இரண்டு மாதத்துக்கொரு முறை, பதினைந்து நாள் நடக்கும். அவர் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் காலை நேரத்தில் ஜப்பானில் அன்றைய ஆட்டங்கள் முடிந்துவிடும். மாலையில் வீட்டுக்கு வந்து பதிவைத்தான் பார்ப்பார். அதுவரை யாராவது பேச்சைத் தொடங்கினால் கையை உயர்த்திவிடுவார்: "சொல்லாதேங்கோ!" எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் எதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் என்றே தெரியாது. ஆனாலும் அண்ணை கோயில் வாசலுக்கு வந்தால் எல்லோரும் பெரிய இரகசியத்தைக் காப்பவர்கள் போல் வாயை மூடிக்கொள்வார்கள்.

மார்கழியில் எங்கள் சங்கம் நடத்தும் கிறிஸ்மஸ் கொண்டாட்டமான ஒளிவிழாவில் அவருக்கென்று பத்து நிமிடம் உண்டு. 'இந்த வருசம் ஜப்பானில்' என்பது தலைப்பு. சூமோவில் யார் ஏறினார், யார் இறங்கினார், எந்தப் பாட்டு ஊரெல்லாம் ஓடியது, எந்தக் கார்ட்டூன் தொடர் முடிந்தது, எல்லாம் வரும். பிள்ளைகள் நத்தார் தாத்தாவை விட்டுவிட்டு முன்வரிசைக்கு வருவது இதற்காகத்தான். நான் நிகழ்ச்சி அறிவிப்பாளன். நேரம் முடிந்ததும் மணி அடிப்பது என் வேலை. ஒரு மணிக்கும் அவர் நின்றதில்லை. "தம்பிக்குக் கை உளையுது போல, மணியை வையுங்கோ" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லிவிட்டுத் தொடர்வார்.

ஒருமுறை சங்கத் தலைவர் பொறுமை இழந்தார். "அண்ணை, ஊர்ச் செய்தி சொல்லுறதுக்கே எங்களுக்கு நேரம் காணாது. உங்களுக்கு ஜப்பான் ஏன்?" என்று கூட்டத்தில் கேட்டார். அண்ணை கோபிக்கவில்லை. "ஊர்ச் செய்தி இஞ்ச எல்லாருக்கும் காலமையே போனில வந்திடும். நான் சொல்லுறது ஒருதருக்கும் தெரியாது. பிறகு எதுக்கு மேடை?" என்றார். தலைவரும் சிரித்துவிட்டார். அந்த ஆண்டுதான் ஜப்பானியப் பள்ளிக்கூடங்களின் பேஸ்பால் போட்டியைப் பற்றிச் சொன்னார். தோற்ற அணிப் பையன்கள் மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "இதுக்கு ஏன் அழுறியள்? அவ்வளவு தூரம் வந்து விளையாடினவங்கள் அல்லோ!" என்று அதட்டினார்.

அவருக்கு ஒரு மல்லன் இருந்தான். பெயர் நீளமானது, ஆகவே எங்களுக்கு அவன் 'எங்கட ஆள்'. மேல்வகுப்பில் இருந்தவன், முழங்கால் முறிந்து கீழே கீழே போய்விட்டான். வயதும் ஏறிவிட்டது. போன ஒளிவிழாவில் அண்ணை எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்: "அடுத்த ஒளிவிழாவுக்குள்ள எங்கட ஆள் திரும்ப மேல வருவான். வந்திட்டான் எண்டு இதே மேடையில நானே வந்து சொல்லுவன்." பின்வரிசையில் விசில் அடித்துக் கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. அவருடைய கணக்கு எளியது. பதினைந்து ஆட்டத்தில் எட்டு வென்றால் அந்தப் போட்டி உனக்கு நல்ல போட்டி; உன் இடம் ஏறும். ஏழென்றால் இறங்கும். "கிண்ணம் ஒருத்தனுக்குத்தான். எட்டு எல்லாருக்கும் ஏலும். எட்டு காணும், அது போதும், தம்பி" என்பார்.

எங்கட ஆள் ஒவ்வொரு போட்டியிலும் எட்டும் ஒன்பதுமாக வென்று ஏறிக்கொண்டிருந்தான். புரட்டாதிப் போட்டி நடக்கையில் அண்ணையின் மருத்துவப் பரிசோதனை முடிவு வந்தது. றெஜினா அக்காதான் டாக்டரிடமிருந்து கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அண்ணை தொலைக்காட்சிக்கு முன்னால். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வழமைபோலக் கை உயர்ந்தது: "சொல்லாதையும்! இன்னும் எங்கட ஆள் வரேல்லை." அக்கா பக்கத்தில் அமர்ந்து ஆட்டம் முடியும் வரை பார்த்தார். "நான் சொல்லேல்லை. அவ்வளவு நேரமும் அவர் நோய் வருத்தமில்லாத மனுசன்தானே, தம்பி" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கார்த்திகைப் போட்டியில் எட்டு கிடைத்தால் எங்கட ஆள் மேல்வகுப்பு. கடைசிச் சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கணக்கு ஏழுக்கு ஏழு. அண்ணையால் தலையைத் தூக்க ஏலாது. ஆனாலும் குரலில் பழைய மிடுக்கு. "நாளைக்கு எட்டு. றெக்கோட் பண்ணச் சொல்லியிருக்கு. நீர் மேடையில எனக்கு நேரத்தை மட்டும் விடும்." மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முந்திய மாலை அவர்கள் வீட்டில் செபமாலை சொன்னோம். முடிந்ததும் யாரும் எழும்பவில்லை. அக்கா அண்ணையின் படத்தைத் தொலைக்காட்சியைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் பதிவைப் போட்டார். அதுவரை ஒருவரும் முடிவைச் சொல்லவில்லை, தேடிப் பார்க்கவும் இல்லை. மற்றவன் மலை போன்றவன். எங்கட ஆளைத் தள்ளிக்கொண்டே போனான். குதிகால் வட்டத்தின் வைக்கோல் விளிம்பில் முட்டியது. அங்கே நின்று எங்கட ஆள் ஒரு திருப்புத் திருப்பினான். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். கறுப்பு உடை நடுவர்கள் மேலே ஏறி, யார் முதலில் மண்ணைத் தொட்டான் என்று கூடிப் பேசினார்கள். பிறகு நடுவரின் கை எங்கட ஆளின் பக்கம் நீண்டது.

வீடு அதிர்ந்தது. சங்கத் தலைவர் கதிரையில் ஏறி நின்று கத்தினார். மேல்வீட்டு ஜெர்மன் அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்து கதவைத் தட்டினார். கறுப்பு உடுப்போடு கைதட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். றெஜினா அக்கா படத்தைக் கையில் எடுத்தார். "எட்டு, என்னப்பா" என்றார். அதன்பிறகுதான் அவர் அழுதார். நாங்களும் அழுதோம்.

வருகிற ஒளிவிழாவில் அண்ணையின் பத்து நிமிடத்தை அப்படியே விட்டிருக்கிறோம். பேசப் போவது நான். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த எட்டுக் கணக்கை. கிண்ணத்தை நினைத்து இனி எனக்குத் தூக்கம் கெடப்போவதில்லை. மணியை வீட்டில் வைத்துவிட்டு வருவேன். மேடையில் ஏறி, போன வருடம் விசில் அடித்த பின்வரிசையைப் பார்த்துச் சொல்வேன்: "எங்கட ஆள் மேல வந்திட்டான்."