ரெஜினா அக்கா முதலில் காட்டிய மூலை

செய்தி எங்கள் காட்டுக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக யாரும் எதுவும் எழுதாமல் கிடந்த குழு அது. "அம்மா காலைல தவறிட்டாங்க, அடக்கம் நாளைக்கு" என்று ரெஜினா அக்காவின் மகன் அந்தோணி போட்டிருந்தான். முதல் ஆளாகப் பதில் எழுதியவர் தாமோதரன். எரியும் விளக்கின் படம், அதன் கீழே "ஈடு செய்ய முடியாத இழப்பு". அதே படத்தைப் பலரும் வரிசையாக அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர், காட்டைக் கொடுத்துவிடலாம் என்று கை தூக்கியவர்கள்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சோறு பரிமாறும் வேலை அவருக்கு. எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டி ஒரு காடு இருந்தது. எப்போதோ ஒரு குடும்பம் ஊருக்கென்று எழுதிக் கொடுத்த நிலம். பட்டா ஊரின் பொதுப் பெயரில் இருந்தது. அதைப் பராமரித்த குழுவுக்கு அக்காதான் தலைவி. இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அதிகம் பேசாமல் புல் செதுக்குவேன். "இன்னா ஊமக்கோட்டான், இன்னிக்காவது வாயத் தொறப்பியா?" என்பார். பதிலை எதிர்பார்க்கமாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்களைப் போல் சொந்தக் காடு வைத்திருக்கும் ஊர்கள் வேறு மாவட்டங்களிலும் உண்டு. ஒரு குழு இன்னொரு குழுவின் காட்டுக்குப் போய்ப் பார்த்துக் கற்றுவருவது வழக்கம். நாங்கள் முதலில் போனது செங்கம் பக்கம் ஒரு மலையடிவார ஊருக்கு. மாலை போட்டார்கள், பாயசம் கொடுத்தார்கள், வரிசையாக வளர்ந்த மரங்களைக் காட்டினார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லா வந்ததெல்லாம் சரி. செத்தது எங்க கீது?" என்று கேட்டார்.

அந்த ஊர்த் தலைவி முனியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்றார்.

"பொண்ணு பாக்கவா வந்துகிறோம், நல்லத மட்டும் காட்ட? நீ எங்க கெட்டேன்னு தெரிஞ்சாதான் நான் கெடாம இருப்பேன்."

முனியம்மாள் சற்று நேரம் முறைத்தார். பிறகு சிரித்தபடி, கரையான் தின்று தீர்த்த ஒரு சரிவுக்கு எங்களை அழைத்துப் போனார். அன்று முதல் இருவரும் தோழிகள்.

திரும்பி வந்ததும் அக்கா ஒரு விதி வைத்தார். எங்கள் காட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வடக்கு மூலைக்கு அழைத்துப்போக வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கோடையில், சுத்திகரித்த கழிவுநீரை டேங்கரில் இலவசமாகத் தருவதாக ஒரு கம்பெனி சொல்ல, அக்கா சம்மதித்தார். மண் மேல் உப்பு வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, அந்த வருடக் கன்றுகள் அத்தனையும் கருகின. வெயில்தான் காரணம் என்று குழுவில் பேசி வைத்திருந்தோம். வந்தவர்களிடம் அக்கா அதைச் சொல்லவில்லை. "வெயில் கொல்லல. நான் கொன்னேன். ஓசில வந்த தண்ணின்னு ஊத்திட்டேன்" என்றார். அதன் பிறகே வெப்பாலையும் வீரையும் காயாவும் அடர்ந்த உள்காட்டுக்குக் கூட்டிப்போவார். அவர் சொன்னதைக் கேட்டுப் போன ஊர்களில் சில, தங்களுக்கு வந்த டேங்கரைத் திருப்பி அனுப்பின.

அப்படி வந்த குழுவில் ஓர் இளைஞர், அக்கா பேசியதை வீடியோ எடுத்து, இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று மனதாரப் பாராட்டிப் பகிர்ந்தார். அது எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

அந்தச் சமயத்தில் நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளை நிறுத்த ஓர் ஒப்பந்தக்காரர் இடம் தேடிக்கொண்டிருந்தார். காட்டைக் கொடுத்தால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார். குழுவின் பொருளாளரான தாமோதரன்தான் அவருக்காக ஊரைக் கூட்டினார். ஷிப்ட் முடிந்து, கேன்டீன் சீருடையிலேயே அக்கா வந்து உட்கார்ந்தார். தாமோதரன் தன் போனை ஒலிபெருக்கியில் இணைத்தார். அக்காவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது: "இந்த மண்ணு செத்துப்போச்சு. இங்க இனிமே ஒண்ணும் மொளைக்காது." அதோடு வீடியோவைத் தாமோதரன் நிறுத்திவிட்டார்.

அக்கா எழுந்தார். "மீதியும் போடு தாமு. அப்பறம் உள்ள கூட்டிக்கினு போறேன்ல, அதப் போடு."

"உங்க வாயால சொன்னதுதானக்கா. நாங்களா சொன்னோம்?"

பின்னாலிருந்து ஒருவர், "கேன்டீன்லயும் சோறு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டுத்தான் போடுவியா?" என்றார். கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று தூக்கிய எங்கள் சில கைகளை யாரும் எண்ணவில்லை. வேண்டும் என்று தூக்கியவர்களில், இரண்டாவது வரிசையில், அந்தோணியும் இருந்தான். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த மழைக்கு முன் காடு இல்லை. அந்தோணிக்கு லாரி நிறுத்தத்தின் கேட்டில் காவல் வேலை கிடைத்தது. அக்கா தினமும் ஷிப்ட் முடிந்து அவனுக்குச் சோறு கொண்டு போனார். அந்த இடத்துக்கு எப்படிப் போக முடிகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "புள்ளைக்குப் பசிக்கும்ல" என்றார்.

காடு போனது தெரியாத ஒரு குழு, பார்க்க வரலாமா என்று போனில் கேட்டது. வாங்க என்று சொல்லிவிட்டார். வந்தவர்களை லாரி நிறுத்தத்தின் மதிலோரம் நிற்கவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். ஒரு பெண் தயங்கித் தயங்கி, அப்படியென்றால் செத்ததை இனி யாருக்கும் காட்டக்கூடாதா என்று கேட்டார்.

"காட்டு. காட்டலன்னா அவங்களும் அதே தண்ணிய ஊத்துவாங்க. செல்போன மட்டும் பைக்குள்ள வெக்கச் சொல்லிட்டுக் காட்டு."

அவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கேன்டீனில் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கும்போது சரிந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டம் காடு இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் மரங்களுக்கு நடுவே தூக்கிப் போவோம். இப்போது மதிலைச் சுற்றி, காத்திருக்கும் லாரிகளை ஒட்டிப் போக வேண்டும். பாதி வழியில் பெட்டியை இறக்கினோம். ஃபாதரின் கார் ஒரகடம் கூட்டுரோட்டில் நெரிசலில் மாட்டியிருந்தது. அதற்குப் பின்னால் எங்கோ முனியம்மாளின் வேன். "மொகம் பாக்காம மூடிடாதீங்க, வந்துட்டேன்" என்று போனில் அழுதுகொண்டிருந்தார். சித்திரை வெயில். ஒரு கன்டெய்னர் லாரியின் நிழலில் பெஞ்சு போட்டு, பெட்டியைத் திறந்தபடி வைத்துக் காத்திருந்தோம். ஊரே அந்த நிழலுக்குள் நெருக்கியடித்து நின்றது.

அந்த லாரியை உள்ளே கூப்பிட்டார்கள். வடநாட்டு ஓட்டுநர் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அக்காவைக் கும்பிட்டார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார். நிழல் நகர்ந்தது. வெயில் அக்காவின் முகத்தில் நேராக விழுந்தது. யாரோ ஒரு குடையை விரித்தார்கள்; போதவில்லை.

"மூடிடலாம்ப்பா, பாடி தாங்காது" என்றார் தாமோதரன்.

அந்தோணி தலையாட்டினான். ஆணி அடித்தார்கள்.

முனியம்மாள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெட்டியின் மூடியில் கை வைத்தார். வெயிலில் கிடந்த தகரம் போல் சுட்டிருக்க வேண்டும், கையை வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார். ஃபாதர் வரும்வரை எடுக்கவில்லை.

ரெஜினா அக்கா, அந்த வெயிலில்தான் உங்களை விட்டுவிட்டு வந்தோம். விடைகொடுங்கள்.