எலும்பில் விழுந்த கத்திக்கோடு

போரில் ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் பிளான் வரைந்துகொண்டிருந்த என்னைக் கிள்ளானுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆற்றோரம் ஒரு ஜப்பானிய விஞ்ஞானி கம்பிவேலிக்குள் பெரிய முதலை ஒன்றை வைத்திருந்தார்.

போருக்கு முன் டைனோசர் எலும்புகளை ஆராய்ந்தவராம். ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார்: "மாமிசம் தின்னும் அந்த ராட்சசப் பிராணிகளை யாரும் பார்த்ததில்லை. அவை கடித்துப் போட்ட எலும்புதான் சாட்சி. முதலையின் பல் எப்படித் தடம் போடுகிறதென்று தெரிந்தால், அவை எப்படித் தின்றன என்று ஊகிக்கலாம்."

எருமைத் தொடையைச் சங்கிலியில் கட்டி உள்ளே வீசுவார்கள். முதலை கவ்விக்கொண்டு உடம்போடு சுழன்று பிய்க்கும். மிச்சத்தை நான் இழுத்து வேகவைத்து, மூங்கில் சீவலால் எலும்பைச் சுரண்டி, பல்குழிகளை அளவு பிசகாமல் வரைய வேண்டும். கத்தி படக்கூடாது. சேறும் அழுகலும் கலந்த அந்த வாடை, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. வெந்த கறியைத் திரும்ப முதலைக்கே கொட்டச் சொல்வார். வேலிக்கு வெளியே ஜனங்கள் அரிசி கிடைக்காமல் வெறும் மரவள்ளிக்கிழங்கு தின்று உடம்பு வீங்கிக் கிடந்தார்கள். என் மனைவியின் காலை விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும்.

ஒருநாள், முதலை வாய் படாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு அறுத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"என்ன கறிங்க இது?"

"ஆட்டுக்கறிதான். ஆக்கு."

மாடு, எருமை எதையும் தொடாத குடும்பம் எங்களுடையது. அவள் ஆசையாகத் தின்றாள். எருமை என்று தெரிந்தே நானும் தட்டை வழித்தேன்.

மறுநாள் விஞ்ஞானி பூதக்கண்ணாடியோடு எலும்பின்மேல் குனிந்தார்.

"இது பல் இல்லை. மெல்லிய நேர்கோடு. கத்தி."

தலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "நீயா தின்றாய்? பச்சையாகவா, சமைத்தா?" என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "இனி ஒவ்வொரு தொடையிலும் முதலில் நீ அறு. மனிதன் தடத்தையும் முதலை தடத்தையும் ஒப்பிடலாம். கறி உனக்கு," என்றார்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. ஆனாலும் அறுத்தேன். என் கத்திக்கோடுகளை நானே வரைந்தும் கொடுத்தேன். மனைவியின் வீக்கம் மெல்ல வடிந்தது.

ஜப்பான் தோற்றதும் அவர் போய்விட்டார். ஊர்க்காரர்கள் முதலையைச் சுட்டுக் கூறு போட்டு எனக்கும் ஒரு பங்கு தந்தார்கள். அதோடு ஒரே தொடையைத் தின்றவன் நான்; வாங்கிய கையோடு ஆற்றில் எறிந்தேன்.