ஓரம் மெலிந்த தகடு

எங்கள் ஆய்வகத்தில் படிகம் வளர்க்கும் அக்காவுக்கு ஆமையக்கா என்று பெயர் வைத்தது நான்தான். சூடான சைலீன் திரவத்தில் பாலிதீனைக் கரைத்து, குடுவையை மின்சாரத்தில் சூடாகும் எண்ணெய்த் தொட்டியில் இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சூடு அசையாமல் இருந்தால், கரைசலில் சாய்சதுரத் தகடுகளாகப் படிகம் வளரும். சூடு கூடுதலாக இருந்தால் மெதுவாக வளரும், தடிமனாக வரும். தணிந்தால் வேகமாக வளரும், மெலிந்துவிடும்.

"அவசரப்படுத்தினா அதுக்கும் கோவம் வரும்டா" என்பார். அதே இழுவையில் நான் திருப்பிச் சொன்னால், கையில் இருக்கும் துடைப்புத் துணி என் மேல் வந்து விழும்.

அப்போது அவருடைய தம்பி ஈரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார். ஒரு நாள் காலை பார்க்கப் போனவரைத் தம்பியே விரட்டியிருக்கிறார்.

"நீ போய் எண்ணெயக் காய்ச்சுக்கா. நான் எங்க ஓடப்போறேன்?"

அக்கா வந்து குடுவையை இறக்கினார். கண் மட்டும் போனிலேயே இருந்தது. மதியம் தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. உடனே வாங்க."

"நான் பாத்துக்கறேன், கிளம்புங்கக்கா" என்றேன்.

சைலீன் சட்டென்று தீப்பிடிக்கும். பழகாதவர் பொறுப்பில் சூட்டை விட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் பழகாதவன். அக்கா என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினார். ஆமையக்கா ஓடி அன்றுதான் பார்த்தோம்.

தம்பி கண்ணைத் திறந்து கோட்டைப் பார்த்தாராம். "டாக்டரம்மா லேட்டு" என்றாராம். சாயங்காலம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பியதும் அந்தப் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தோம். தகட்டின் நடுவெல்லாம் ஒரே தடிமன். ஓரத்தைச் சுற்றி மட்டும் மெலிந்த கரை. அன்று அக்கா ஓடிய பிறகு, எண்ணெய் ஆறும்போது வளர்ந்தது.

"இது கட்டுரைக்கு ஆகாதும்மா. புதுசா வளத்துடுங்க" என்றார் பேராசிரியர்.

"வளக்கறேன் சார். இதக் கொட்ட வேண்டாம்."

அவர் போனதும் அக்கா திரையில் அந்தக் கரையை விரலால் சுற்றி வந்தார்.

"லேட்டுன்னான். இங்க பாருடா, இது வளந்தப்பல்லாம் நான் அவன் பக்கத்துலதான் இருந்தேன்."

துடைப்புத் துணியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குடுவையைக் கழுவப் போனார்.