காரணம்: பாட்டுக் கேட்க

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அரை நாள் லீவுக்கே ஒரு பிணம் விழவேண்டும். சுகிர்தா வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியின் லீவுத் தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மூன்றுதான் செல்லும்: சாவு, கல்யாணம், காய்ச்சல். கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்பார்கள், காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு கேட்பார்கள். சாவுக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் அங்கே வேலை செய்கிறவர்களின் சொந்தபந்தமெல்லாம் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசை அருணா தன் மாமியாரை இரண்டு தடவை சாகடித்தவள். அந்தக் கிழவி இன்றைக்கும் கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து வேர்க்கடலை விற்கிறாள்.

சுகிர்தாவுக்கு நாற்பத்து நாலு வயது. அவள் அம்மா ரோசம்மாள் ஊர்க்காரர்களின் கழனியில் நாற்று நட்டவள். மகள் கம்பெனியில் மூடி சீவுகிறாள். மெஷினிலிருந்து வந்து விழும் பாட்டில் மூடிகளின் ஓரப் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவித் தள்ளவேண்டும். எட்டரை மணியிலிருந்து ஐந்து வரை, ஆர்டர் அவசரம் என்றால் எட்டு வரை. பதினாலு வருஷமாயிற்று, இன்னும் கான்ட்ராக்ட்தான். "எங்கம்மா குனிஞ்சிக்கினு செஞ்சா, நான் நின்னுக்கினு செய்யறேன். முன்னேறிட்டமில்ல?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தினமும் காலையில் கம்பெனி வேனில் அவளும் அருணாவும் ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு பாடகி மரகதவல்லியைக் கேட்டபடிதான் வருவார்கள். மரகதவல்லிக்கு அறுபது தாண்டிவிட்டது; மேடை ஏறுவதையே குறைத்துக்கொண்டிருந்தார். அவர் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் திருவள்ளூரில் ஒரு மண்டபத்தில் பாடப்போகிறார் என்று அத்தை மகள் திலகவதி போன் பண்ணிச் சொன்னாள். சொன்னதோடு விடாமல் இரண்டு டிக்கெட்டும் வாங்கிவிட்டாள். சுகிர்தா அதுவரை ஒரு கச்சேரியையும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதில்லை. எல்லாப் பாட்டும் அவள் வேனிலோ, வேலைக்கு நடுவிலோ, யார் வீட்டு ஸ்பீக்கரிலோ கேட்டதுதான்.

அன்றைக்கே புருஷன் ரகுவை உட்காரவைத்துப் பயணத் திட்டம் போட்டாள். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம் என்று பேர்தான். ரயிலில் போனால் சென்னைக்குப் போய் வண்டி மாறி மேற்கே வரவேண்டும், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. பஸ் என்றால் கவரைப்பேட்டையிலிருந்து ஆரணி, பெரியபாளையம், அங்கே இறங்கி திருவள்ளூர் பஸ். ஒரு மணிக்குக் கம்பெனியை விட்டால் அஞ்சுக்குள் போய்விடலாம். ராத்திரி மணவாள நகரில் திலகவதி வீட்டில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம்.

"போறதுன்னா போய்ட்டு வா. ஆனா காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றான் ரகு. அவனும் இன்னொரு கம்பெனியில் செக்யூரிட்டி, உலகம் தெரிந்தவன்.

சுகிர்தா புதன்கிழமை காலையில் லீவுத் தாளை வாங்கி, காரணம் என்ற கட்டத்தில் 'பாட்டுக் கேட்க' என்று எழுதிக் கொடுத்தாள்.

சூப்பர்வைசர் அன்புசெல்வன் முப்பது வயசுப் பையன். நல்லவன்தான். நல்லவனாக இருந்துகொண்டே மேலிடத்துக்குப் பயப்படுகிற ஜாதி. தாளைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தான், மறுபடியும் தாளைப் பார்த்தான்.

"இன்னாம்மா இது? வெளாட்றீங்களா?"

"இல்ல சார். பாட்டு கேக்கத்தான் போறேன். வேற இன்னா எழுதறது?"

"இத மேல கொண்டும்போனா என்னையும் சேத்துத் திட்டுவாங்க. வேற தாள் தரேன், காய்ச்சல்னு எழுதுங்க. டாக்டர் சீட்டு நான் கேக்கல."

"எனக்குக் காய்ச்சல் இல்ல சார்."

அவன் தாளை மேசை டிராயருக்குள் போட்டு மூடினான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அருணா விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எக்கா, தூரத்து சொந்தத்துல யாரயாச்சும் சாவடிச்சிட்டுப் போயேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"நான் ஒருதபா சாவடிச்சது போதும்" என்றாள் சுகிர்தா. அருணாவுக்கு அந்தக் கதை தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் மகள் பூமிகா பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடினாள். அதைப் பார்க்கப் போக சுகிர்தா 'அம்மா இறந்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தாள். செத்துப்போன ரோசம்மாள் அன்று சாயங்காலம் முன் வரிசையில் உட்கார்ந்து பேத்திக்குக் கைதட்டினாள். விஷயம் தெரிந்து எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சிரித்தாள். "இன்னும் எத்தினிவாட்டி வேணும்னாலும் சாவறேன், லீவு எடுத்துக்கோடி" என்றாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ரோசம்மாள் நிஜமாகவே செத்துப்போனாள். சுகிர்தா அழுதுகொண்டே ஆபீசுக்கு ஓடினாள். அப்போது இருந்த ஆபீசர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா போன வருஷமே செத்துட்டாங்களே. ஒனக்கு எத்தினி அம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தம்பிக்குப் போன் பண்ணி, பிணத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். ஆபீசர் அந்தப் போட்டோவை இரண்டு விரலால் பெரிசாக்கி, முகத்தைப் பார்த்து, மூக்கில் வைத்த பஞ்சைப் பார்த்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் லீவு. அடக்கம் முடிந்த மறுநாள் எட்டரை மணிக்கு அவள் மூடி சீவிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பிடித்த கோபம் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை. ஆபீசர் மேல் பாதி, தன் மேல் பாதி. பெற்றவளைக் காகிதத்தில் கொன்று லீவு வாங்கும்படி வைத்துவிட்டார்களே, நானும் வாங்கினேனே என்று. இனிமேல் அந்தக் கட்டத்தில் உள்ளதைத்தான் எழுதுவேன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமையும் தாளில் கையெழுத்து விழவில்லை. ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் சுகிர்தா கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். அன்புசெல்வன் குறுக்கே வந்தான்.

"கேட் பாஸ் இல்லாம போறீங்க. திங்கக்கிழம உள்ள விடுவாங்களான்னு நான் கேரண்டி குடுக்க முடியாது."

"நீங்க கேரண்டி குடுக்க வேணாம் சார். நான் திருட்டுத்தனமா போவல, சொல்லிட்டுத்தான் போறேன்" என்றாள். கேட்டில் இருந்த ரிஜிஸ்டரில் பேரும் நேரமும் எழுதி, காரணத்தையும் பெரிய எழுத்தில் எழுதினாள். சொன்னது என்னவோ திமிராகத்தான். ஆனால் பதினாலு வருஷச் சோறு அந்த கேட்டுக்குள் இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை நின்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மண்டபத்தில் மூன்றாவது வரிசை. திலகவதி பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள், சுகிர்தா கம்பெனிச் சுடிதாரோடு, நகக்கண்ணில் பிளாஸ்டிக் தூளோடு உட்கார்ந்திருந்தாள். மரகதவல்லி நடந்து வந்தபோது முழங்கால் வலி தெரிந்தது. பாட ஆரம்பித்ததும் எந்த வலியும் தெரியவில்லை. மேல்ஸ்தாயியில் ஒரு இடத்தில் குரல் பிசிறியது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு அதே இடத்தை மறுபடியும் பிடித்துக் காட்டினார். சுகிர்தாவுக்கு எங்கிருந்து வந்ததோ, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். சின்ன வயசில் ஆண்டை வீட்டுக் கழனியில் குருவி ஓட்டப் பழகிய விசில். மூன்று வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்ய, இன்னாடி இது, பொம்பள விசிலடிச்சிக்கினு!" என்று திலகவதி தொடையில் கிள்ளினாள்.

"டிக்கெட்டுல அடிக்கக் கூடாதுன்னு போட்டுருக்கா?" என்று கேட்டுவிட்டு சுகிர்தா இன்னொன்று அடித்தாள். மேடையிலிருந்து மரகதவல்லி அவள் பக்கம் கையை நீட்டிக் கும்பிட்டார். அந்த நிமிஷம் அவளுக்கு வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை கேட்டில் உள்ளே விட்டார்கள். மேசையில் ஒரு மெமோ காத்திருந்தது. அனுமதியில்லாமல் போனதற்கு விளக்கம் எழுதித் தரவேண்டுமாம். அன்புசெல்வன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கி ஒடம்பு முடியலன்னு ஒரு வரி எழுதுங்கம்மா. இத்தோட முடிச்சி உட்டுர்றேன்."

அவள் பேனாவை வாங்கி எழுதினாள்: 'புதன்கிழமையே லீவு கேட்டேன். சனிக்கிழமை பாட்டுக் கேட்கப் போனேன். பாட்டு நன்றாக இருந்தது.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

நாலரை மணிக்கு ஆபீசிலிருந்து பதில் வந்தது. அன்புசெல்வன் அதை எல்லார் முன்னாலும் படிக்கவேண்டும் என்று உத்தரவு. மற்றவர்களுக்குப் புத்தி வரவேண்டுமே. ஒழுங்கு மீறியதற்காக சுகிர்தாவுக்கு நாளையிலிருந்து மூன்று நாள் வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது.

"மூணு நாளா?" என்றாள் சுகிர்தா.

"ஆமாம்மா. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

"எங்கம்மா செத்ததுக்கு ஒரு நாள் குடுத்தீங்க சார். பாட்டு கேட்டதுக்கு மூணு நாள் குடுக்கறீங்க."

மேசையெல்லாம் கத்திச் சத்தம் நின்றது. அருணாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மூணு நாளு ஊட்ல இன்னாக்கா பண்ணுவ?"

"ஊட்ல யாரு இருக்கப் போறா? ரெண்டு நாளு வேளாங்கண்ணி போய்ட்டு வருவேன்" என்றாள் சுகிர்தா. பேப்பரை வாங்கி நாலாக மடித்தாள். "மொத நாளு எங்கம்மா கல்லறைக்குப் போறேன். அவ செத்தப்ப ஒக்காந்து அழுவறதுக்கு எனக்கு லீவு இல்ல."