எட்டுப் பேர் இறங்கியும் கார் நகரவில்லை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, மதியம் இரண்டேகால் மணிக்கு, நான் ஓட்டிய கார் ஒரு கலங்கரை விளக்கத்தின் மீது மோதியது.

பதறாதீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார் இருந்தது கம்ப்யூட்டருக்குள். நான் இருந்தது தஞ்சாவூரில், என் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே.

“தாத்தா, மறுபடியுமா?” என்றது காதில் மாட்டியிருந்த ஹெட்போன். மெல்போர்னிலிருந்து பேத்தி ரேச்சல். வயது பதினொன்று. “நீங்க ரோட்ல நின்னுட்டே இருந்தீங்க. அப்புறம் திடீர்னு சுவத்துக்குள்ள இருந்தீங்க. எப்படி தாத்தா?”

எப்படி என்று எனக்கு மட்டும் தெரியுமா?

தெரியும். திரையின் மூலையில் ஒரு சின்ன எண் ஓடும். ஒரு விநாடிக்குக் கம்ப்யூட்டர் எத்தனை படங்களைக் காட்டுகிறது என்பது அது. அறுபது இருந்தால் கார் வழுக்கிக்கொண்டு போகும். எனக்குப் பத்தொன்பது. வளைவு வந்தால் ஒன்பது. ஒன்பது படத்தில் கார் ஓட்டுவது, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு கீழவாசலில் சைக்கிள் விடுவதைப் போன்றது.

நான் எண்ணுகிறவன் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — முப்பத்தொரு வருடம் பாசனப் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்கு ஆற்று மதகு ரெகுலேட்டரில் நின்று, தண்ணீர் எத்தனை அடி என்று அளவுகோலைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். ஓய்வு பெற்றபோது தண்ணீர் போய்விட்டது. எண்ணுவது போகவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. போன வாரம் போதகர் பிரசங்கத்தில் “கடைசியாக ஒன்று” என்று சொன்னது ஐந்து தடவை.

காரையும் அப்படித்தான் ஓட்டினேன். படம் உறைந்துபோகிற நேரத்தில் வாயால் எண்ணுவேன். மூன்றாவது வளைவு தாண்டி ஆறு எண்ணினால் இடதுபக்கம். எட்டாவது தாண்டி நான்கு எண்ணினால் வலது. மொத்தம் இருபத்து மூன்று வளைவுகள். மற்றவர்கள் பார்த்து ஓட்டினார்கள். நான் மனப்பாடமாக ஓட்டினேன்.

இந்த வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி எஸ்தர் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

தேவை. ரேச்சல் போனில் எங்களோடு பேசுவது வாரத்துக்கு நான்கு நிமிடம். “சாப்டீங்களா”, “அங்க மழையா”, “பாட்டிகிட்ட குடுங்க” — முடிந்தது. விளையாட்டு என்றால் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பதில் ஸ்கூல், தோழிகள், கணக்கு டீச்சர் மேல் இருக்கிற கோபம் எல்லாம் தானாக வந்து விழும். நான்கு எங்கே, ஐம்பது எங்கே?

அந்த ஐம்பதுக்குத்தான் ஆபத்து வந்தது. அவள் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து ஒரு போட்டி வைக்கிறார்களாம். பத்து ஞாயிற்றுக்கிழமைகள் நடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்திலிருந்து ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு இரண்டு கார் ஓட்ட வேண்டும். ஓர் ஆள்தான்.

ரேச்சலுக்குத் தாத்தா இரண்டு பேர்.

இரண்டாமவர் என் சம்பந்தி ஆரோக்கியசாமி. சீர்காழிக்காரர். ரைஸ்மில் வைத்திருந்து, நல்ல விலைக்கு விற்றவர். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் லுத்தரன். கல்யாணத்தை எந்தக் கோயிலில் வைப்பது என்று முடிவு செய்ய ஏழு தடவை உட்கார்ந்து பேசினோம். ஏழு தடவையும் அவர் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் ஆகிறது... நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

“என்ன சம்பந்தி, விளக்குல முட்டிட்டீங்களாமே?”

“நெட் சரியில்லைங்க.”

“நெட்டு எல்லாருக்கும் ஒரே நெட்டுதானேங்க. மெஷின் எத்தனை காட்டுது?”

“அது... இருக்குது ஒரு முப்பது.”

“மாதா புண்ணியத்துல நம்மளது நூத்திப்பத்துக்குக் கீழ இறங்கறதே இல்ல. சென்னையில சொல்லி அப்படியே முழுசா எறக்கிட்டேன். நீங்க ஏன் இந்த வயசுல சிரமப்படறீங்க? ஓரமா உக்காந்து பாருங்களேன்.”

ஓரமா உட்கார்ந்து பார்ப்பதா? மகனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு மெல்போர்னில் கம்ப்யூட்டர் துறையில்தான் வேலை.

“அப்பா, படம் வரையறதுக்குப் போன டிசம்பர்ல நான் கொண்டாந்த கிராபிக்ஸ் கார்டு நல்லா இருக்கு. மதர்போர்டும் போதும். கணக்குப் போடற ப்ராசஸர்தான் பழசு. அதை மட்டும் மாத்துங்க. வேற எதையும் தொடாதீங்க.”

பட்ஜெட்டை எஸ்தர் அறிவித்தாள். “எட்டாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா ஆனாலும், நீங்க சீர்காழிக்குப் போயி உங்க சம்பந்தி மெஷின்லயே வெளையாடிட்டு வாங்க.”

எட்டாயிரத்தோடு கீழவாசலில் செல்வியின் கடைக்குப் போனேன். செல்விக்கு நாற்பது வயதிருக்கும். குடவாசல் பக்கம். அவருடைய அம்மா நடவுக்கு ஆள் கூட்டிப் போகிற கொத்துக்காரியாக இருந்தவர். மகள் டிப்ளமோ படித்துவிட்டு, தஞ்சாவூரில் பாதிக் கம்ப்யூட்டர்களின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் போர்டில் உட்காரக்கூடிய இரண்டு ப்ராசஸரைக் கண்ணாடி மேசையில் வைத்தார். இரண்டும் ஒருமுறை கைமாறியவை. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. ஒன்று என்னுடையதைப் போலவே பழைய தலைமுறை — எட்டு கோர், ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். இன்னொன்று புதிய தலைமுறை — ஆறு கோர், ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்.

“கோர்னா வேலை செய்யற ஆள் மாதிரி சார்,” என்றார் செல்வி. “உங்ககிட்ட இப்ப நாலு ஆள் இருக்கு.”

எட்டு பெரியதா, ஆறு பெரியதா? எட்டு. ஐயாயிரத்து எண்ணூறு குறைவா, ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் குறைவா? இதற்குக்கூட யோசனை வேண்டுமா? நடவுக்கு நாலு பேர் இறங்குகிற இடத்தில் எட்டுப் பேர் இறங்கினால் வேலை பாதி நேரத்தில் முடியும். டெல்டாவில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“எட்டைக் குடுங்க.”

“சார், ஆறு பேர்னாலும் இவங்க ஒவ்வொருத்தரும்...”

“எட்டு.”

“விளையாட்டுக்குன்னா சார்...”

“அம்மா, முப்பத்தொரு வருசம் எண்ணியிருக்கேன். எட்டு.”

செல்வி எடுத்துக் கொடுத்தார். பில்லின் அடியில் ஏதோ ஒரு வரி எழுதினார். நான் படிக்கவில்லை. எண்ணாக இருந்திருந்தால் படித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, நானே மாட்டினேன். பட்டாணி அளவுக்குப் பசை வைத்தேன். விளையாட்டைத் திறந்தேன். மூலையில் இருக்கும் எண்ணைப் பார்த்தேன்.

இருபத்து மூன்று.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருபத்திரண்டு ஆகியிருந்தது.

“எட்டு பேரு வந்துமா?” என்றாள் எஸ்தர், சமையலறையிலிருந்தே.

ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு மூன்று படம். ஒரு படம் என்ன விலை என்று கணக்குப் போட்டேன். வேண்டாம், அதைச் சொன்னால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்வியிடம் ஓடினேன். அவர் விளையாட்டை ஓடவிட்டு, பக்கத்திலேயே ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார். எட்டுக் கட்டங்கள். ஒன்று உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மற்ற ஏழும் தரையில் படுத்திருந்தன. கிராபிக்ஸ் கார்டும் பாதிக்கு மேல் சும்மாதான் இருந்தது.

“சார், நீங்க நடவு பாத்திருக்கீங்கல்ல?”

“பாக்காமயா?”

“வயல்ல இருபது பொம்பளைங்க இறங்கி நிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. நாத்துக் கட்டை, அந்த முடியை வீசிக் குடுக்கறது எத்தனை பேரு?”

“ஒரு ஆளு.”

“அந்த ஆளு மெதுவா வீசினா?”

நான் வரைபடத்தில் படுத்திருந்த ஏழு கட்டங்களையும் மறுபடி பார்த்தேன். செல்வியே தொடர்ந்தார்.

“இருபது பேரும் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கணும். எங்கம்மா திட்டுற திட்டு நாலு வயலுக்குக் கேக்கும். உங்க கார்டுதான் சார் அந்த இருபது பேரு. இந்த விளையாட்டுல முடி வீசறது ஒரே ஒரு கோர்தான். நீங்க வீசற ஆளை மாத்தல. வரப்புல உக்காந்து வெத்தலை போடறதுக்கு இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னேன் சார். நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லோருமே இப்படித்தான். போன் வாங்கினால் எத்தனை கேமரா என்று கேட்கிறோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் எத்தனை கிளை என்று கேட்கிறோம். போன மாதம் ஒரு கல்யாணத்தில் இலையில் இருபத்தாறு ஐட்டம் — எண்ணினேன். சாம்பார் வாளியோடு ஒரே ஆள். நூற்றைம்பது பேர் சோற்றில் குழி வெட்டிக்கொண்டு, அவர் எப்போது திரும்புவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தாறு யாருக்கு வேண்டும்? அந்த வாளிக்காரர் ஓட வேண்டாமா?

செல்வி என் பில்லைத் திருப்பிக் காட்டினார். அடியில் அவர் எழுதிய வரி: ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

“இது எல்லா பில்லுலயும் எழுதுவீங்களா?”

“இல்ல சார். உங்களுதுல மட்டும்தான்.”

ஆறு கோர் ஆளை எடுத்தார். ஆனால் உடனே மாட்டவில்லை. “இவரை உங்க போர்டுக்கு இன்னும் தெரியாது சார். பழையவர் இருக்கும்போதே சொல்லி வைக்கணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு போயிடும்.” பேட்டரி இணைப்பைச் சரிபார்த்துவிட்டு, போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு விநாடி. நான் மூச்சு விட்டது எத்தனை தடவை என்று மட்டும் எண்ணவில்லை. விட்டேனா என்பதே சந்தேகம்.

வீட்டுக்கு வந்தேன். விளையாட்டைத் திறந்தேன்.

எழுபத்து நான்கு!

எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கடல் எல்லாம் அலையடிக்குதே,” என்றாள். இத்தனை நாள் அதைத் தார் போட்ட ரோடு என்றுதான் நினைத்திருந்தாள்.

ரேச்சல் ஆள் தேர்வு செய்கிற ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். மெல்போர்னில் ரேச்சல், சீர்காழியில் சம்பந்தி, தஞ்சாவூரில் நான். மூன்று கார்களும் கிளம்பின. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது.

கூடவே இன்னொன்றும் தெரிந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இத்தனை நாள் பழியை மெஷின் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது யார் மேல் போடுவது? கண் ஒன்றைச் சொல்கிறது, வாய் ஆறு எண்ணுகிறது, கை இரண்டையும் கேட்டு இரண்டு பக்கமும் திருப்புகிறது. நான்காவது வளைவில் அதே கலங்கரை விளக்கத்தில் மோதினேன். எழுபத்து நான்கு படத்திலும், ஒன்றுவிடாமல், தெளிவாக.

கார் கவிழ்ந்து கிடந்தது. வேலையில்லாமல் சம்பந்தியின் காரைப் பார்த்தேன். மனிதர் பறக்கிறார். ஆனால் வளைவு எங்கே வருகிறது என்று தெரியவில்லை. நேராகக் கடலுக்குள் போனார். வெளியே வந்தார். மறுபடி கடல். எனக்குப் பொறுக்கவில்லை.

“சம்பந்தி, எட்டு தாண்டிட்டீங்க! நாலு எண்ணி வலது!”

“என்னது?”

“வலதுங்க! வலது! அப்படியே... இப்ப ரெண்டு எண்ணி இடது... பிரேக்கு! விடுங்க... இப்ப மிதிங்க!”

பதினைந்து வளைவுகள். ஒன்றில்கூட அவர் கடலுக்குள் போகவில்லை. ரேச்சலுக்கு ஒரு விநாடி பின்னால் வந்து நின்றார்.

“தாத்தா,” என்றாள் ரேச்சல். “போன்ல வழி சொல்றதுக்கு ஒருத்தர் வச்சுக்கலாம்னு ரூல்ஸ்ல இருக்கு. சீர்காழி தாத்தா ஓட்டட்டும். தஞ்சாவூர் தாத்தா எண்ணட்டும்.”

பத்து ஞாயிறு, ஐம்பது நிமிடம். கிடைத்துவிட்டது!

பிறகுதான் உறைத்தது. எண்ணுவதற்கு ப்ராசஸர் எதற்கு? அவர்கள் திரையில் தெரிவதை அனுப்பினால் என் போனே போதும். பத்தொன்பது படம் காட்டிய அந்தப் பழைய மெஷின்தான் எனக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தது. ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய புதியவர் கவிழ்ந்து கிடக்கத்தான் உதவினார். எஸ்தர் இதைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கிற நாட்கள் இன்றோடு ஐந்து.

இருக்கட்டும். நான் “இடது” என்றால் ஆரோக்கியசாமி இடதுபக்கம் திரும்புகிறார். “நில்லுங்க” என்றால் நிற்கிறார். பதின்மூன்று வருடத்தில் இப்படி நடந்ததுண்டா? இதற்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் அதிகமா, நீங்களே சொல்லுங்கள்.

வார நாட்களில், எஸ்தர் தூங்குகிற மதிய வேளையில், தனியாக ஓட்டிப் பழகுகிறேன். முந்தாநாள் பதினான்கு முறை மோதினேன். நேற்று பதினொன்று. இந்தக் கணக்கில் போனால்... வேண்டாம், சீர்காழியில் இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை காலையிலேயே கடைக்கு வந்துவிடுகிறது; சம்பந்தி படித்துவிடுவார்.