ஏழாம் எண்ணுக்குக் கத்தினேன்

மைதான வேலியோரம் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் மாமா இருந்தார், மடக்கு நாற்காலியில். என் மகளோடு ஆடும் ஒரு பிள்ளையின் அம்மா இருந்தாள், மலாய்க்காரி. கடைசியாக நான், கடைச் சட்டையோடு.

பல நாட்டுப் பிள்ளைகள் வந்து ஆடும் பெண்கள் கால்பந்துப் போட்டி. முதல் ஆட்டம் தாய்லாந்துப் பிள்ளைகளோடு.

எனக்கு லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடையில் வேலை. சனி ஞாயிறு லீவு கிடையாது. மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போவதெல்லாம் அக்காதான். அவளுக்குப் பிள்ளை இல்லை, கார் இருக்கிறது. கிளமெண்டியிலிருந்து தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போவாள். நன்றி உண்டு. எரிச்சலும் உண்டு.

அன்று கெஞ்சி அரை நாள் வாங்கினேன். வருகிறேன் என்றதற்கு மகள், "பாப்போம்மா" என்றாள்.

கோல் போட்டால் யாரிடம் ஓடி வருவாள்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

தலையை இழுத்துக் கட்டி எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி. எனக்கு அடையாளம் ஏழாம் எண். வாரா வாரம் அந்தச் சட்டையைத் துவைப்பவள் நான். ஏழுக்குப் பந்து போனதும் எழுந்து கத்தினேன். "ஓடுடி! விடாத!"

அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், உக்காரு. அது இவங்க பொண்ணு. புது ஜெர்சி லா. நம்ம பொண்ணு பதினாறாம் நம்பர்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"குரூப்ல போட்டாங்களே."

அந்தக் குரூப்பில் நான் இல்லை.

மாமா சிரித்தார். "விடும்மா, அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஆள் கத்தணும்ல."

மலாய்க்காரி எனக்கு நன்றி சொன்னாள். பிறகு அக்காவிடம், உங்கள் மகளும் நன்றாக ஓடுகிறாள் என்றாள் ஆங்கிலத்தில். அந்த அளவு எனக்குப் புரியும். அக்கா திருத்தவில்லை. "தேங்க்யூ" என்றாள்.

பதினாறாம் எண், என் மகள், கோல் போட்டாள். நேரே வேலிக்கு ஓடி வந்தாள்.

"பெரிம்மா! லெஃப்ட் கால்!"

அக்கா துள்ளினாள். இடது காலுக்கு என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியாது. அப்புறம்தான் மகள் என்னைப் பார்த்தாள். "மா, வந்துட்டியா?" விருந்தாளியைக் கேட்பது போல.

ஆட்டம் முடிந்து பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தாள். என் மடியில் அழுக்குச் சட்டையைப் போட்டாள். "நாளைக்கும் மேட்ச்மா. தொவச்சிடு."

அக்கா கை நீட்டினாள். "குடு, என் மிஷின்ல போட்டுக் காலையில கொண்டு வரேன்."

கொடுக்கவில்லை.

"நாளைக்கு நீ வர வேணாம்க்கா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"கடை?"

"போகல."

அக்கா முகம் சுருங்கியது. நான் சட்டையைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

மறுநாள் எம்ஆர்டி ரயிலில் போனோம். நின்றுகொண்டே. மகளின் அணி தோற்றது. திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. மகள் தூங்கி என் தோளில் சாய்ந்தாள்.

அக்கா பார்த்த ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. நான் பார்த்தவை இரண்டு.