குட்டையோரம் தடம் அழித்தவர்

பன்னிரண்டு வருடம் வேட்டை அனுமதிக் குலுக்கலில் பெயர் கொடுத்து, பிராங்ஹார்ன் மான் ஒன்றைச் சுட எனக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த முறை கிடைப்பதற்குள் எனக்குக் கண் தெரியாமல் போய்விடும். அதனால் வேட்டை சீசனுக்கு முந்தைய வாரமே நான் குடியிருக்கும் சன்னிவேலிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி, வடக்கே பைன் காட்டுக்கு வேவு பார்க்கப் போனேன். அங்கே ஒரு குட்டையருகே என் வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். மிலிட்டரிச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், நெற்றியில் திருநீறு.

"மான் பாக்க வந்தீங்களாங்க?"

"சேச்சே, பறவை பாக்க வந்தேன்," என்றேன்.

"நானும் பேர்ட் வாட்சிங்தாங்க. இங்க மானெல்லாம் வராதுங்க. வெறும் மாடுதான்."

பேசிக்கொண்டே, சேற்றிலிருந்த குளம்படிகளை ஒவ்வொன்றாக பூட்ஸ் காலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். யார் காதில் பூச்சுற்றுகிறார்! நல்ல இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சீசன் முழுக்க அந்தக் குட்டையைவிட்டு நான் நகரவில்லை. மாடுகள்தான் வந்தன.

அவர் பொய் சொல்லியிருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன். உண்மையைச் சொன்னவர் எதற்காகத் தடங்களை அழித்தார் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.